பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினொரு கருமுட்டைகள்

1

சென்ற வாரம் எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்குப் பிறந்தநாள். சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் என் முறை வந்ததும் என்னைத் தாண்டி அடுத்தவருக்குத் தட்டை நீட்டினாள். பிறகு, எனக்கென்று தனியாக வாங்கி வைத்திருந்த உப்பு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுத்து, தோளில் ஒரு தட்டு தட்டினாள். ஏழு ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே கடல்மேல் ஒரு பாலம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை அந்தப் பாலத்தின் சோதனைச் சாவடியில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஐஸ் கட்டி வைத்த சின்னப் பைக்குள் ஊசிகளும் மருந்துக் குப்பிகளும் இருந்தன. அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என்ன இது?" என்றார். என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "சுகர்" என்றேன். அவர் தலையசைத்து மூடிக் கொடுத்துவிட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தொழிற்சாலைக்காரர் ஒருவர் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது என் தேநீரில் சர்க்கரை இல்லை.

அந்த ஊசிகள் என் கருமுட்டைகளை வளர்ப்பதற்கானவை. வளர்ந்தவற்றை எடுத்து, உறைய வைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், ஒரு மருத்துவமனையில் பாதுகாக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று ஏழு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் தெரியக் கூடாது என்று நான் பயந்த ஒரே ஆளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

2

நான் மலர்க்கொடி. கூத்தாநல்லூருக்கு மேற்கே, வெண்ணாற்றுக் கரையோரச் சிற்றூர் ஒன்று. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு கோயில் நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்குக் கிடைத்தது. ஊருக்கு ஊர் இன்ஜினியரிங் காலேஜ் முளைத்த காலத்தில் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் தெருவிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் நான்தான். முடித்த இரண்டாம் வருடம் சிங்கப்பூரில் கணினிச் சிப்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பால் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, பன்னிரண்டு மணி நேரம் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கும் வேலை. இன்றும் அதுதான்.

மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டாம் வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வந்த வரன்களை அம்மாவே தள்ளிப் போட்டாள். அப்பா தவறினார். அப்புறம் தம்பி படித்து முடிக்கட்டும் என்று ஆனது. அவன் படித்து முடித்ததும் அவனுக்குத்தான் முதலில் பெண் அமைந்தது. என்னைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் வேலையை விட்டுவிட வேண்டும் என்றது. இன்னொரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் அக்காள் என் அம்மாவைத் தனியாக அழைத்து, "அத்தனை வருஷம் வெளிநாட்டுல தனியா இருந்த பொண்ணு, எப்படிங்க?" என்று கேட்டாளாம். அம்மா அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் அவள் வேறு வரன் எதையும் கொண்டுவரவில்லை.

யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. முப்பத்து நான்காம் பிறந்தநாள் வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன், எல்லாக் காரணங்களும் சேர்ந்து ஒரு சுவராக நின்றன.

என்னோடு வேலை செய்த லிங் என்ற பெண் ஒருநாள் உடை மாற்றும் அறையில் வைத்து, தான் வெளிநாடு போய் முட்டைகளை உறைய வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் வேலை பார்க்கும் இந்த நாட்டில் அப்போது நோய் ஏதாவது இருந்தால்தான் அதற்கு அனுமதி. பாலத்தைத் தாண்டினால் கல்யாணமாகாத பெண்ணுக்கும் செய்வார்கள் என்றாள். அவள் கொடுத்த முகவரியை ஒரு மாதம் கைப்பையில் வைத்திருந்தேன். பிறகு போனேன்.

3

ஊசியை நானே போட்டுக்கொள்ள வேண்டும். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தோலைப் பிடித்துக்கொண்டு. நான் தங்கியிருந்த வீட்டின் பொதுக் குளிர்ப்பெட்டியில் தயிர் டப்பாவுக்குள் மருந்தை ஒளித்து வைத்திருந்தேன். ஷிப்டு மாறிய நாட்களில் தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று போட்டுக்கொண்டு, வெள்ளை உடுப்புக்குள் நுழைந்துவிடுவேன். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டுவதுபோல இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டேன். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண் கலங்கியது. ஸ்கேன் எடுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் பாலத்தைத் தாண்டினேன்.

முட்டைகளை எடுக்கும் நாளில் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். நான் மெஹர் அக்காவைக் கேட்டேன். அவர் கூத்தாநல்லூர்க்காரர். கணவர் இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையில் புளி வாங்கப் போன இடத்தில்தான் எங்களுக்குப் பழக்கம். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர், "எத்தனை மணிக்குக் கிளம்பணும்? அத சொல்லு" என்றார்.

மருத்துவமனைப் படிவத்தில் துணைக்கு வந்தவர் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி. அக்கா யோசிக்காமல் 'சகோதரி' என்று எழுதினார். படிவத்தை வாங்கிய தமிழ்ப் பெண் அவருடைய முக்காட்டைப் பார்த்தாள், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள்.

"கூடப் பொறந்தவங்களா?"

"ஒரே ஆத்துத் தண்ணி குடிச்சவங்க. எழுதிக்கம்மா" என்றார் அக்கா.

மயக்கம் தெளிந்தபோது மலாய் நர்ஸ் ஒருத்தி என் புறங்கையில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்று. "செபலாஸ் தெலூர்" என்றாள். மலாய் மொழியில் பதினொரு முட்டை. முட்டைக்கு அவர்கள் சொல்லும் தெலூர் என்ற சொல் எனக்கு நன்றாகவே தெரியும். காலைக் கடைகளில் அரை வேக்காட்டு முட்டைக்கு அந்தச் சொல்லைத்தான் சொல்லி வாங்குவேன். அன்றைக்குப் பிறகு கடையில் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. விரலால் காட்டித்தான் வாங்குகிறேன்.

புறங்கையை இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகும் முன் கை கழுவுவது கட்டாயம். போய்விட்டது.

கையெழுத்துப் போட்ட காகிதங்களில் ஒன்றை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்தேன். இவற்றைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் திருமணச் சான்றிதழ் வேண்டும், கணவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அது ஒரு பெரிய விஷயமாகவே அன்றைக்குத் தோன்றவில்லை. அதற்குள் கல்யாணம் ஆகிவிடாதா என்று நினைத்தேன்.

4

ஆண்டுக்கொரு முறை அந்த மருத்துவமனையிலிருந்து கடிதம் வரும். 'அன்புள்ள மிஸ் ராமையன்' என்று தொடங்கும். ராமையன் என் அப்பா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டதால் இந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் நான் மிஸ் ராமையன். முட்டைகளை வைத்திருக்கும் குழாய்களின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா, அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வருடமும் முதல் கட்டத்தில் குறி போட்டு, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். தபாலில் அனுப்பலாம். ஆனாலும் நேரில்தான் போவேன்.

மெஹர் அக்காவின் மகள் சஃபியாவுக்கு இப்போது பதினைந்து வயது. அக்கா தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊருக்கு ஒருமுறை கூட்டிப்போனபோது, "நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?" என்று அங்கேயே கேட்டாளாம். அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். பள்ளியில் தமிழ் ஒரு பாடம் என்பதால் வீட்டுப்பாடத்துக்கு மட்டும் சஃபியா என்னைத் தேடி வருவாள். ஒருநாள் புத்தகத்தில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, கருவூலம்னா நீங்க முட்டைய வச்சிருக்கீங்களே, அந்த இடமா?" என்றாள்.

அக்கா அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டார். நாங்கள் பேசியதை அவள் எப்போதோ கேட்டிருக்கிறாள். நான், "இல்லம்மா, அரசாங்கப் பணம் வைக்கிற இடம். திருவாரூர்ல மாவட்டக் கருவூலம்னு ஒரு ஆபீஸ் இருக்கு" என்றேன். "ஆனா கருன்னா பேபிதானே?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் என் விளக்கத்தை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அவற்றை வெளியே கொண்டுவரும் வழியை நான் தேடாமல் இல்லை. நம் நாட்டில் இப்போது கல்யாணமாகாத பெண்ணும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்று கேள்விப்பட்டுச் சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு எழுதினேன். உண்மைதான் என்றார்கள். ஆனால் முட்டைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதிக் கடிதம் வேண்டும், அதை வாங்கி அனுப்புங்கள் என்றார்கள். அனுமதி தரும் அலுவலகத்துக்கு எழுதினேன். விண்ணப்பம் மருத்துவமனையிலிருந்துதான் வர வேண்டும் என்று பதில் வந்தது. மருத்துவமனைக்கு எழுதினேன். அனுப்புகிற மருத்துவமனையின் உறுதிக் கடிதம் முதலில் வேண்டும் என்றார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டேன். பெற்றுக்கொள்கிற நாட்டின் அனுமதியைக் காட்டினால் கடிதம் தருவோம் என்றார்கள். எட்டு மாதம் இப்படி ஓடியது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லாக் கடிதங்களும் 'தங்கள் புரிதலுக்கு நன்றி' என்றுதான் முடிந்தன. ஒருநாள் நான் எழுதுவதை நிறுத்தினேன். அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது சிங்கப்பூரிலேயே கல்யாணமாகாத பெண்கள் முட்டைகளை உறைய வைக்கலாம் என்று விதி வந்துவிட்டது. அதற்கு ஒரு வயது வரம்பு உண்டு. விதி வந்தபோது நான் அதைத் தாண்டியிருந்தேன்.

5

இரண்டு வருடங்களுக்கு முன் வேதாரண்யத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பெயர் அன்பழகன், வயது நாற்பத்தைந்து. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நான் விடுப்பில் வந்திருந்தபோது அம்மாவும் தம்பியும் நானுமாக திருத்துறைப்பூண்டி போய் பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனோம். பெண் பார்ப்பதுமில்லை, மாப்பிள்ளை பார்ப்பதுமில்லை, சும்மா ஒரு காபி என்றுதான் பேச்சு. காபி குடித்ததும் அவரே, "நாங்க ஒரு அரை மணி நேரம் நடந்துட்டு வரோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

உப்பளத்துச் சாலையில் நடந்தோம். காலை வெயிலுக்கே கண் கூசியது. குவித்த உப்பின்மேல் கீற்று வேய்ந்துகொண்டிருந்த பெண்கள் அவருக்கு, "சார், வணக்கம்" என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள். அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்டார். இவரோடு இருக்கலாம் என்று எனக்கு அந்தச் சாலையிலேயே தோன்றிவிட்டது. அதனால்தான் மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, பாலம், பதினொன்று, சான்றிதழ், கையெழுத்து.

அவர் நின்றுவிட்டார். முகத்தில் கோபமோ அருவருப்போ இல்லை. அவற்றை எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். வந்தது வேறு.

"நாங்க ஆறு வருஷம் திருச்சிக்குப் போனோங்க" என்றார். "அந்த ஊசியெல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் அவளுக்குப் போட்டு விடுவேன். ஒவ்வொரு தடவையும் ஆகலன்னு சொன்னதும் பஸ்ல ஏறி உட்காருவோம். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. திருத்துறைப்பூண்டி வர்ற வரைக்கும் திரும்ப மாட்டா. நான் எத்தனை பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கலாம்."

மறுபடி நடக்கத் தொடங்கினோம்.

"எனக்குப் புள்ள வேணும்னு இப்ப இல்லைங்க. பேசிட்டு இருக்க ஒரு ஆள் வேணும். நீங்க வந்தா போதும். அந்தப் பேப்பர்ல மட்டும் இன்னொரு தடவை என்னால கையெழுத்துப் போட முடியாது. போடுறேன்னு பொய் சொல்லி உங்களக் கூட்டிட்டு வந்தா அது தப்பு."

"இல்ல சார், நான் உங்கள..." என்று தொடங்கினேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு நான் வேணுமா, கையெழுத்து வேணுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டும்" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "என்கிட்ட ஒண்ணுதாங்க இருக்கு."

திரும்பி வந்து நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினோம். கோடியக்கரைக்கு மாணவர்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போனதையும், தேர்வுத் தாள்களில் பிள்ளைகள் எழுதியிருப்பதையும் சொல்வார். அந்த அழைப்புக்காக ஷிப்டு மாற்றிக்கொண்டேன். கையெழுத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் அந்த வருடத்துக் கடிதம் வந்தது. அழிப்பதற்கான இரண்டாவது கட்டத்தில் குறி போட்டால் எல்லாம் முடிந்தது. பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் கொண்டுபோனேன். கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, அழிக்க முடியவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர், "சரிங்க. உடம்பப் பாத்துக்கங்க" என்றார். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனிதர் ஒருவரை, இன்னும் பிறக்காத, பிறக்குமா என்றும் தெரியாத ஒன்றுக்காக விட்டேன். இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

6

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வரனை ஏன் விட்டேன் என்று கேட்டு அலுத்துப்போய், "ஒனக்கு என்னதாண்டி வேணும்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தவள்தான். இரண்டு மாதம் தம்பி மூலமாகத்தான் பேச்சு. சம்பா அறுவடை நேரத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா வீட்டில் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறாளாம். ஈரம் அதிகம் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். தார் ரோட்டில் கொட்டிக் காய வைத்து, மறுபடி மூட்டை பிடித்து, மறுபடி வரிசையில் வைத்திருந்தாள். மேகம் மூடினால் போர்த்தப் படுதாவை மடியிலேயே வைத்திருந்தாள். நானும் பக்கத்தில் ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

சொல்லிவிட்டேன். சுற்றி ஆட்கள் இருந்ததால் மெதுவாக, விவரமாக, ஒரு வரியையும் விடாமல். முட்டை என்று சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. 'கரு' என்று மாற்றிக்கொண்டேன். ஏச்சு விழும், மார்பில் அடித்துக்கொள்வாள், ஊர் என்ன சொல்லும் என்பாள் என்று காத்திருந்தேன்.

"எத்தனை?" என்றாள்.

"பதினொண்ணு."

விரல்களால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"கரண்டு போனா என்ன பண்ணுவாங்க?"

புயலடித்த வருடம் எங்கள் ஊருக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது.

"அதுக்குக் கரண்டு வேணாம்மா. ஒரு மாதிரி குளிர்ந்த தண்ணி மாதிரி இருக்கும், அதுலதான் முக்கி வச்சிருப்பாங்க. குறையக் குறைய ஊத்துவாங்க."

"யாரு ஊத்துவா?"

"அங்க வேலை பாக்குறவங்க."

"நல்லவங்களா?"

"நல்லவங்கதான்."

"மாறிப் போயிடாதா? பேரு போட்டு வச்சிருக்காங்களா?"

"போட்டிருக்கும்மா. அப்பா பேருதான் போட்டிருக்கு."

அம்மா அதற்கு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அந்த மனுசன் தஞ்சாவூரத் தாண்டுனதில்ல" என்றாள்.

கொள்முதல்காரர் வந்து எங்கள் மூட்டையில் குத்தூசியைச் செருகி நெல்லை எடுத்து மிஷினில் போட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அம்மா அவரிடம் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்:

"என்னைய ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போ."

7

இந்த மாதம் அம்மா வந்தாள். வந்த நான்காம் நாள் அவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். மெஹர் அக்கா கொடுத்தனுப்பிய மல்லிகையை மருத்துவமனைக்குள் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன்.

வரவேற்பு மேசையில் இருந்தது அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "அம்மாவா? வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். அம்மா உட்காரவில்லை.

"உள்ள போய்ப் பாக்கலாமா தாயி?"

"இல்லம்மா. அந்த ரூமுக்கு எங்களையே விட மாட்டாங்க."

அம்மா மூடியிருந்த கதவைப் பார்த்தாள். அது அந்த அறையின் கதவே அல்ல, ஸ்கேன் அறையின் கதவு. நான் திருத்தவில்லை.

"பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கும்மா."

"எப்பதான் எடுத்துக் குடுப்பீங்க?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "கல்யாண சர்ட்டிபிகேட் கொண்டாரணும்மா. வீட்டுக்காரரு வந்து கையெழுத்துப் போடணும்."

"அவளுக்குத்தான் வீட்டுக்காரன் இல்லையே."

"தெரியும்மா."

"நான் போட்டா ஆவாதா?"

காத்திருந்த சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். "அம்மா, வா போகலாம்" என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

"இவள ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கறப்ப இவ அப்பன் ஊர்ல இல்ல. கரும்பு வெட்டப் போயிருந்துச்சு. அப்பன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சேப்பேன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு. நான் வாசல்ல உக்காந்துட்டேன். பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் எந்திரிக்கல. அப்புறம் அவரே கூப்புட்டு மைய வச்சாரு. என் கைநாட்டுலதான் இவ படிச்சா. இந்த ஊருக்கு வந்தா. அன்னைக்கு ஆனது இன்னைக்கு ஆவாதா? நீ கேட்டுப் பாரு தாயி. உள்ள பெரியவங்க யாரு இருந்தாலும் கேட்டுப் பாரு."

சொல்லிக்கொண்டே இடது கையை மேசைமேல் வைத்து, கட்டைவிரலை அவளிடம் நீட்டினாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். கணினியைப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வதற்கு அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனால் அவள் உள்ளே போனாள். கதவு மூடியது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அம்மா கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"ஆகாதும்மா" என்றாள்.

"சரி" என்றாள் அம்மா. கட்டைவிரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அதில் மை ஒட்டியிருப்பதுபோல, முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.